பச்சை மரத்து நெருப்பு



சூரா யாஸீன் ஓதப்படாத வீடு நம்மில் இல்லை. அதன் 80ஆம் ஆயத்தில், பச்சை மரத்திலிருந்து மனிதனுக்கு நெருப்பைக் கொடுத்ததை அல்லாஹ் தன் வல்லமைக்குச் சான்றாகக் காட்டுகிறான். இதற்கு விளக்கம் சொல்லும் முஃபஸ்ஸிர்கள் மர்க், அஃபார் என்னும் இரு அரபுநாட்டு மரங்களைக் குறிப்பிடுவார்கள். அவற்றின் பச்சைக் கொம்புகளை உரசினால் பொறி பறக்குமாம். நானும் பல வருடங்களாக இதைச் சொல்லியே பாடத்தை முடித்து வந்தேன்.

சென்ற விடுமுறையில் மாணவர்களைக் கீரிமலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊறும் அந்தக் கேணியின் அதிசயத்தைக் காட்டிவிட்டு, காங்கேசன்துறைப் பக்கம் போனோம். 1950இல் ஏற்பட்டு, 1990இல் போரால் நின்றுபோன சீமெந்து ஆலையையும், அதற்காகச் சுண்ணக்கல் தோண்டிய பெரும் பள்ளங்களையும் பிள்ளைகள் பார்த்தார்கள். (அதே 1990 ஒக்டோபரில்தான் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அது வேறொரு மாதத்துக்குரிய பேச்சு.) அப்போது ஒரு பிள்ளை கேட்டான்: "ஹஸரத், நெருப்பு நிஃமத் என்றீர்கள். எரிப்பதால்தானே உலகம் சூடாகிறது என்கிறார்கள்?"

கேள்வி நியாயமானது. எதை எரிக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணுக்குள் புதைந்து கிடந்த கரி. அதைத் தோண்டி எரித்தால் காற்றில் கரியமிலவாயு புதிதாகக் கூடுகிறது. மரமோ காற்றிலிருந்து எடுத்ததையே எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கும்போது அதைத் திரும்ப வாங்கிக் கொள்கிறது. துளிர்க்க விட்டால்தான் இந்தக் கணக்கு சரி. காட்டை அழித்து எரித்துவிட்டு இதைப் பேசுவது கடனை அடைக்காமலே அடைத்தேன் என்பதைப் போன்றது.

யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவையைப் பாருங்கள். கிளிசிரிடியா என்பதும் அதுதான். வெட்ட வெட்டத் தழைக்கும், குழை ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகும், தடி எரியும். 2005இல் அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அதை அறிவித்தது. திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் இத்தகைய விறகை எரித்து மின்சாரம் எடுக்க 10 மெகாவாட் நிலையமே அமைத்தது.

ஆயினும் விறகால் எல்லாம் தீரும் என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவில்லை. 100 கிலோ தூய சுண்ணக்கல்லைச் சுட்டு நீறாக்கினால் கல்லிலிருந்தே 44 கிலோ கரியமிலவாயு வெளியேறும். சூளையில் எந்த விறகை வைத்தாலும் அது குறையாது. அடுப்படியில் ஈர விறகை ஊதி ஊதி இருமும் நம் தாய்மாரின் நெஞ்சையும் மறக்க முடியாது. தடியை நன்கு காய வைப்பதும், புகை வெளியேற வழி வைப்பதும் அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய ஹக்கு. இதை ஆண்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு வீட்டார் வேலியை வெட்டித் தெருவோரம் குவித்திருந்தார்கள், கொளுத்துவதற்காம். அந்தப் பிள்ளை கேட்டு ஆறு தடிகளை வாங்கிக்கொண்டான். மத்ரஸா மதிலோரம் ஊன்றினோம். நான்கு துளிர்த்துவிட்டன. மற்ற இரண்டையும் அயல்வீட்டு ஆடு துளிர்க்க விடவில்லை.