தலையாட்டினால் விலை குறையும்!

பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் பேரம் பேசிப் பழகிய வாய், கடல் கடந்தால் மட்டும் சும்மா இருக்குமா? இராது! ஆனால் துருக்கியில் வாய்க்கு அவ்வளவு வேலை இல்லை, சகோதரிகளே. அங்கே பேரம் பேசுவது தலை!

2024 ஏப்ரலில் ஒன்பது பெண்மணிகள் அடங்கிய ஒரு கோஷ்டியுடன் இஸ்தான்புல் போயிருந்தேன். அந்த ஊரின் பெரிய கடைத்தெருவுக்குத் துருக்கி மொழியில் 'கபாலி சார்ஷி' என்று பெயர். கபாலி என்றதுமே எங்கள் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் கையைக் கூப்பிவிட்டார்! சுவாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'கபாலி' என்றால் அங்கே 'மூடிய' என்று அர்த்தம். கூரை போட்ட கடைத்தெரு. 1455-ம் வருஷ வாக்கில், ஊரைப் பிடித்த கையோடு இரண்டாம் மெஹ்மத் சுல்தான் ஆரம்பித்து வைத்தது. இன்றைக்கு அறுபதுக்கு மேற்பட்ட தெருக்கள், சுமார் 4,000 கடைகள். உள்ளே நுழைந்தவர் நுழைந்த வாசல் வழியாகவே வெளியே வந்தால் அது பூர்வ ஜன்ம புண்ணியம்.

மயிலாப்பூர்க்காரர் ஒரு சால்வையைத் தொட்டார். கடைக்காரர் கால்குலேட்டரில் 800 லிரா என்று தட்டிக் காட்டினார். (அப்போது ஒரு லிரா நம் பணத்தில் சுமார் இரண்டரை ரூபாய்.) அம்மாள் வழக்கம்போல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நம் ஊரில் அதற்கு, "சரி, புரிகிறது, மேலே சொல்லு" என்று அர்த்தம். துருக்கியில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால், "எனக்கு விளங்கவில்லை" என்று அர்த்தம்! பாவம், அந்த மனிதர் 700 என்று தட்டினார். அம்மாள் மறுபடியும் ஆட்டினார். 600. இன்னொரு ஆட்டு. 500! இவர் வாயைத் திறக்கவே இல்லை.

அதற்குமேல் பேராசை பிடித்து, "300" என்று விரலைக் காட்டினார். கடைக்காரர் புருவத்தையும் முகவாயையும் மேலே தூக்கி, நாக்கால் 'ச்சு' கொட்டினார். "பார்த்தாயா, நம்மிடம் எவ்வளவு பரிதாபம் இவனுக்கு!" என்று அம்மாள் உருகிப்போனார். அந்த 'ச்சு'வுக்கு அங்கே 'முடியவே முடியாது' என்று பொருள்! ஐந்து நிமிஷம் இவர் விரலைக் காட்ட, அவர் பரிதாபப்பட, கடைசியில் 500-க்கே முடிந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் இப்படி விளையாட முடியாது. எங்கள் கோஷ்டியில் மாம்பலத்துச் சகோதரி ஒருவர் பரம சைவம். 'ஏத்' என்றால் மாமிசம், 'யுமுர்தா' என்றால் முட்டை என்று இரண்டு வார்த்தைகளை நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்தவர். ஒரு பலகாரக் கடையில் வெள்ளை வெளேரென்று பால்கோவா மாதிரி ஒன்று, மேலே லவங்கப்பட்டைப் பொடி தூவி வைத்திருந்தது. "ஏத்?" என்றார். பரிமாறுகிறவர் 'ச்சு' கொட்டினார். "யுமுர்தா?" அதற்கும் 'ச்சு'. இரண்டு கரண்டி உள்ளே போயிற்று. "அடடா, என்ன வழவழப்பு! ஆனால் நார் நாராக ஏதோ..." என்றபோதுதான் நான் பெயர்ப் பலகையைப் படித்து அர்த்தம் விசாரித்தேன். 'தவுக் கோக்ஸு.' கோழி நெஞ்சு! வெந்த கோழியின் நெஞ்சுக் கறியைப் பஞ்சாகப் பிய்த்து, பாலும் சர்க்கரையும் அரிசி மாவும் சேர்த்துக் கிண்டுவது. சுல்தான்களின் அரண்மனைப் பலகாரமாம். பரிமாறியவர் பொய் சொல்லவில்லை. 'ஏத்' என்றால் அவர்கள் நினைப்பது ஆடும் மாடும்தான். கோழி தனி ஜாதி! அந்தச் சகோதரி அன்று முழுவதும் மோரைத் தவிர வேறொன்றும் தொடவில்லை. ('அய்ரான்' என்று நல்ல உப்பு மோர் அங்கே எங்கும் கிடைக்கிறது.) போகிறவர்கள் 'தவுக்' என்ற வார்த்தையையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

இந்த இரண்டையும் தூக்கியடித்தவர் எங்கள் ஈரோட்டு அம்மாள். அவருடைய பெண்ணுக்கு ஏழாம் மாதம், திரும்பியதும் வளைகாப்பு. பாலில் போட்டுக் கொடுக்கக் குங்குமப்பூ வாங்கி வருவதாகப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். (குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கைதான். ஆனாலும் ஒரு தாயாரின் ஆசையில் குறுக்கே நிற்க நான் யார்?) 1660-களில் கட்டிய 'மிஸர் சார்ஷி' என்ற மசாலாக் கடைத்தெருவில், நான் பேரீச்சம்பழக் கடையில் நின்றுகொண்டிருந்த சமயம், அவர் காரியத்தை முடித்துவிட்டார்.

"ஏங்கண்ணு, ஒரு கிராம் டப்பா 300 லிராங்கறான். அதே கடையில பொடியாக் குவிச்சு 'இந்தியன் ஸாஃப்ரன்'னு போர்டு போட்டிருக்கான். கால் கிலோ 400 சொன்னான், 250-க்கு முடிச்சுட்டேன்! நம்ம நாட்டுச் சரக்கல்ல, அதான் சல்லிசு!"

காற்றுப் போகாமல் ஒட்டிய பொட்டலம். அம்மாளுக்கோ இரண்டு நாளாய் ஜலதோஷம், மூக்கு அடைப்பு. ராத்திரி ஹோட்டலில் சூடாகப் பால் வரவழைத்து, பரீட்சை பார்க்க ஒரு சிட்டிகை போட்டார். அடுத்த கட்டிலில் படுத்திருந்த எனக்குத்தான் முதலில் வாசனை வந்தது.

"அம்மா, இது மஞ்சள் பொடிங்க!"

அம்மாள் ஒரு வாய் குடித்தார். ஒன்றும் பேசவில்லை. கண்ணில் நீர் தளும்பிற்று. 250 லிராவுக்காக அல்ல. "புள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவேன் கண்ணு?" என்றார்.

காலையில் இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் கூசவில்லை, பலகையைச் சுட்டிக் காட்டினார். துருக்கி மொழியில் மஞ்சளுக்கு 'இந்தியக் குங்குமப்பூ' என்றே ஒரு பெயர் உண்டு. அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்! விலை கொள்ளைதான், ஆனால் பெயர் விஷயத்தில் அந்த மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்திலே சிவப்பாக இன்னொரு குவியல், 'துருக்கிக் குங்குமப்பூ'. அதுவும் அசல் இல்லை. குசும்பாப் பூவின் இதழ். அசல், பூவுக்கு மூன்றே இழை. ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும். சல்லிசாய் எப்படிக் கிடைக்கும்? வெதுவெதுப்பான நீரில் இரண்டு இழை போட்டுப் பாருங்கள். பொன்னிறம் மெல்ல இறங்கி, இழை சிவப்பாகவே இருந்தால் அசல். போட்டவுடன் சிவப்பாய்க் கரைந்து இழை வெளுத்தால் சாயம்.

கண்ணாடி டம்ளரில் போட்டுப் பார்த்தோம். அந்த 300 லிரா டப்பா அசல்தான். ஈரோட்டு அம்மாள் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினார். 280. இன்னொரு ஆட்டு. 250. இரண்டு டப்பா வாங்கிக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கால் கிலோவை அவர் எறியவில்லை. உலகத்து மஞ்சளில் பெரும்பகுதி விளைவது இந்தியாவில். 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிய மஞ்சள் ஈரோட்டு மஞ்சள். இஸ்தான்புல் வரை போய்த் திரும்பிய அந்தப் பொடியில்தான் வளைகாப்புப் பெண்ணுக்கு நலங்கு வைத்ததாகக் கேள்வி.