கொஞ்சம் துணி, கொஞ்சம் துணிவு

ஆபீஸ் போகும் ஆண்களுக்கு ஒரு கேள்வி. சட்டையில் மூன்றாவது பொத்தான் அறுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? (அ) மனைவியைக் கூப்பிடுவேன். (ஆ) அம்மாவைக் கூப்பிடுவேன். (இ) ஐடி கார்டை அந்த இடத்துக்கு நேராகத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். நம்மில் பெரும்பாலோர் (இ) கோஷ்டி!

வேடிக்கையைப் பாருங்கள். தெருமுனையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர் ஆண். கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை, ஜர்தோசி என்று சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் குனிந்திருப்பவர்களிலும் ஏகப்பட்ட ஆண்கள். காசு வந்தால் ஊசி ஆண்பிள்ளைச் சமாசாரம். வீட்டுக்குள் வந்துவிட்டால் பெண்பிள்ளைச் சமாசாரம். என்ன நியாயமோ!

நான் ஊசி எடுத்ததற்குக் காரணம் அப்பாவின் காது மெஷின். சுண்டைக்காய் சைஸ். விலையைச் சொன்னால் உங்களுக்கும் காது அடைத்துப்போகும். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். சட்டை வாஷிங் மெஷினுக்குப் போகும். இரண்டு முறை கடைசி நிமிடத்தில் மீட்டோம். இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சுருக்குப் பை வேண்டும் என்று கடையில் கேட்டால், ஜிகினாவும் குஞ்சலமுமாகத் தாம்பூலப் பை காட்டுகிறார்கள். எண்பது வயது மனிதர் அதை மாட்டிக்கொண்டு ஸ்டேட் பாங்க் போக முடியுமா? மஞ்சப்பைக்காவது 2021 டிசம்பரில் அரசாங்கமே ஓர் இயக்கம் ஆரம்பித்தது. சுருக்குப் பைக்கு அந்த யோகம் இல்லை.

சரி, நாமே தைப்போம். துணி? பீரோ மேல்தட்டில் அம்மாவின் பச்சைச் சுங்குடி இருந்தது.

அம்மா போய் மூன்று வருஷம். அந்தப் புடவையை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கஞ்சி போட்டு மடித்தது மடித்தபடி, அந்துருண்டையோடு இருக்கும்.

"அதுல கத்தரி வச்சே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார் அப்பா. பதிலுக்கு நான் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சண்டையே ஆரம்பித்திருந்தார்!

பேசிப் பிரயோஜனமில்லை என்று புடவையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்பு மடிப்பாக ஓட்டை. கஞ்சி போட்ட துணி என்றால் ராமபாணப் பூச்சிக்குக் கல்யாணச் சாப்பாடு. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்ததில் இழையும் விட்டுப்போயிருந்தது. பத்திரமாக வைத்தே புடவையைத் தீர்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தானே மெஷினை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"கொசுவத்துக்குள்ள மடிஞ்சு இருக்கும் பாரு, அந்தத் துணிய எடு. அங்க வெயில் படல."

நிஜம்தான். தரையில் உரசும் ஓரமும், அம்மா கை துடைத்த முந்தானையும் வெளுத்து நைந்திருக்க, கொசுவத்தின் உள்மடிப்பு மட்டும் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த பச்சை.

ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல நீளத்தில் ஒரு துண்டு. பழந்துணியில் ஒரு சௌகரியம், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போயிருக்கும். ஆனால் மெலிசு. அதனால் உள்பக்கம் அப்பாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்றை வைத்தேன். பூவேலையை முதலில் முடித்துவிட வேண்டும். பையாக மூட்டிய பிறகு வளையச் சட்டம் உள்ளே நுழையாது.

என்ன டிசைன் போடுவது? மதுரைச் சுங்குடியில் அந்தக் கவலையே இல்லை. துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி எடுத்த புள்ளிகள் ஏற்கெனவே இருக்கின்றன. புள்ளி இருந்தால் கோலம்தானே! ஆங்கர் நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்து, சங்கிலித் தையலில் புள்ளிகளைச் சுற்றி ஒரு சிக்குக் கோலம் போட்டேன். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். மீறினால் நிஜமாகவே சிக்குக் கோலம் ஆகிவிடும். கையால் முடிந்த புள்ளிகள் ஆதலால் வரிசை லேசாகக் கோணும், கோலமும் கூடவே கோணும். பதினோரு ராத்திரி ஆயிற்று. நடுவில் அப்பா வந்து, "உங்கம்மா இந்த இடத்துல வளைச்சு உள்ள கொண்டு போவா" என்று விரலால் போட்டுக் காட்டினார். அவர் கோலத்தைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குச் செய்தி.

பிறகு துண்டை இரண்டாக மடித்து இருபக்கமும் தைத்து, வாயை மடக்கி நாடாவுக்குப் பாதை. இங்கேதான் சூட்சுமம். நாடா ஒன்றல்ல, இரண்டு. ஒன்று இடப்பக்கம் நுழைந்து முழுச் சுற்றுச் சுற்றி இடப்பக்கமே வெளியே வரும். மற்றது வலப்பக்கம் அதே மாதிரி. இரண்டையும் எதிரெதிரே இழுத்தால்தான் வாய் கச்சிதமாக மூடும். நாடாவை உள்ளே கொண்டுபோக ஊக்கு போதும். கடைக்காரர், "பாவாடை நாடாவா சார்?" என்று சத்தமாகக் கேட்பார். கண்டுகொள்ளாதீர்கள்.

காது மெஷின் இப்போது அப்பாவின் இடுப்பில். ஆபீஸில் போட்டோவைக் காட்டினேன். பக்கத்து சீட் பையன், "எனக்கும் ஒண்ணு தச்சுத் தாங்க சார், இயர்பட்ஸ் போட்டு வைக்க" என்றான்.

"உங்கம்மா பழைய புடவை ஒண்ணு வாங்கிட்டு வா. உனக்கே சொல்லித் தரேன்."

உடனே போன் போட்டான். எதிர்முனையில் அந்த அம்மாள் மூன்று தடவை கேட்டது எனக்கே கேட்டது.

"என்னடா ஆச்சு உனக்கு?"