நெசவாளர் குடும்ப வரலாறும் மென்பொருள் தேர்வும்: ஆரணியை முன்வைத்து

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அதனை நெய்த குடும்பங்களின் வரலாறோ பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் பழைய திருமண அழைப்பிதழ்களிலும் முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றது. அந்நினைவை உடைய தலைமுறை மறைந்துவரும் நிலையில், அதனைத் தொகுக்க முனையும் ஆய்வாளர் எந்த மென்பொருளைத் தேர்கின்றார் என்பது வசதி பற்றிய வினா மட்டுமன்று. படிவத்தில் இடமில்லாத செய்தி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை, கேட்கப்பட்டாலும் பதிவாவதில்லை.

முதற்சிக்கல் பெயர். வம்சாவளி மென்பொருள்கள் தம்முள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜெட்காம் என்னும் வடிவத்தை 1984இல் உருவாக்கியது அமெரிக்காவின் மார்மன் திருச்சபை. அதில் குடும்பப்பெயர் இரு சாய்கோடுகளுக்கிடையே எழுதப்படும். தந்தை பெயரின் முதலெழுத்தையே முன்னொட்டாகக் கொண்ட தமிழருக்கு அவ்விடம் வெற்றிடமே. வெற்றிடத்தை விட்டுவைக்க மனமில்லாதவர் அதில் சாதிப் பட்டத்தை இட்டு நிரப்புகின்றனர். மென்பொருளும் அதனையே அகரவரிசைக்குத் தலைப்பாக்குகின்றது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு துறக்கச் சொன்ன பட்டம் இவ்வாறு தரவுத்தளத்தின் வழியே மீண்டும் குடியேறுகின்றது. சாதி ஆய்வுக்கு உரிய செய்திதான். ஆயின் அது தனிக்குறிப்பாக நிற்க வேண்டுமேயன்றி, எவரும் தமக்கு இட்டுக்கொள்ளாத பெயராக நிற்றல் கூடாது. கிராம்ப்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் பெயர்ப்பகுதி தந்தைவழி வந்ததா, ஊரால் வந்ததா, தொழிலால் வந்ததா எனத் தோற்றத்தைக் குறிக்க வழியுண்டு.

அடுத்தது மணவுறவு, இதுவே கடினமானதும். 'குடும்ப மரம்' என்னும் உருவகம் கிளைகள் மீண்டும் ஒன்றுசேரா என்ற எண்ணத்தைத் தோற்றுவிப்பது. மேலைநாட்டு வம்சாவளி எண்முறையில் ஒருவருக்கு 1 என எண்ணிட்டால் தந்தைக்கு 2, தாய்க்கு 3. எவருக்கும் அவர்தம் எண்ணின் இருமடங்கு தந்தைக்கும், அதனினும் ஒன்று கூடியது தாய்க்கும் உரியன. தந்தை தம் அக்காள் மகளை மணந்தவராயின் தந்தையின் தந்தை 4ஆம் எண்ணையும் பெறுவார். தாயின் தாய்க்குத் தந்தை என்ற முறையில் 14ஆம் எண்ணையும் பெறுவார். ஒரே மனிதர் இரு தலைமுறைகளில் நிற்கின்றார். அத்தை மகள், மாமன் மகள் மணங்கள் தலைமுறைதோறும் தொடரும் குடும்பங்களில் மரம் வலையாகிவிடுகின்றது. இதனை அறியாத உள்ளீட்டாளர் ஒருவரை இருவராகப் பதிந்துவிடுவார். ஒருவரை ஒருமுறை மட்டுமே வரைந்து கோடுகளால் இணைக்கும் உறவு வரைபடம் மென்பொருளில் உண்டா என்பதே முதற்சோதனையாதல் வேண்டும். உறவுப்பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை நூலிலேயே தமிழ் உறவுப்பெயர்களை அட்டவணைப்படுத்திவிட்டார். இன்றும் ஆங்கிலவழி மென்பொருள் பங்காளியான சித்தப்பா மகனையும், மணவுறவுக்குரிய மாமன் மகனையும் 'கசின்' என்னும் ஒரு சொல்லில் அடைக்கின்றது.

காலக்குறிப்பிலும் எச்சரிக்கை தேவை. 'பாட்டனார் தாது வருஷத்தில் பிறந்தவர்' என்று முதியவர் கூறுவாராயின், அது 1876–77ஆம் ஆண்டின் பெரும்பஞ்சக் காலமாகவும் இருக்கலாம். அறுபதாண்டு கழித்து வந்த 1936–37ஆகவும் இருக்கலாம். கிராம்ப்ஸில் யூத, இசுலாமிய, பாரசீக நாட்காட்டிகள் உண்டு. அறுபதாண்டுச் சுழற்சி இல்லை. சொன்ன சொல்லை அப்படியே எழுத்தாகப் பதிந்து, கணித்த ஆண்டைத் தனியே குறிப்பதே முறை. 2021இல் வெளியான ஜெட்காம் 7.0, தேதியோடு இத்தகைய சொற்றொடரையும் ஏற்கின்றது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியதால் தமிழ் எழுத்துச் சிதைவு பற்றிய பழைய அச்சமும் குறைந்துள்ளது.

நெசவு, குடும்ப உழைப்பு. தார் சுற்றுபவர், பாவு புனைபவர், தறியில் அமர்பவர் வெவ்வேறு ஆட்கள். கூலிக் கணக்கோ பெரும்பாலும் ஒருவர் பெயரிலேயே நிற்கும். 'தொழில்' என்னும் ஒற்றைக் கட்டத்தில் ஆண்மகனுக்கு 'நெசவாளர்' என்றும் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்றும் பதிந்தால், நாம் ஆவணப்படுத்துவது குடும்பத்தையன்று, கணக்கேட்டையே. கிராம்ப்ஸில் ஒரு நிகழ்வைப் பலர் பகிரலாம். ஒவ்வொருவர் பங்கையும் நம் சொல்லிலேயே குறிக்கலாம். ஒரு தறியை ஒரு நிகழ்வாகவே பதிந்து, அதில் உழைத்தோர் அனைவரையும் இணைக்க இதனால் இயலும். என் தேர்வு இதன்பாற் சாய்வதற்கு வேறெதனையும்விட இதுவே காரணம்.

குறையும் உண்டு. இப்பங்குக் குறிப்புகள் ஜெட்காம் வடிவிற்கு மாற்றும்போது உதிர்ந்துவிடும். ஆதலின் அம்மென்பொருளுக்கே உரிய எக்ஸ்எம்எல் கோப்பையும் ஜெட்காம் கோப்பையும் சேர்த்தே காத்தல் வேண்டும். மார்மன் திருச்சபையே இலவசமாக வழங்கிவந்த பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் 2013இல் நிறுத்தப்பட்டது. பல்கலைக்கழகத் திட்டமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவது. மாணவர் மாறுவர், கணினி மாறும். அழகிய வரைபடத்திற்காக மூடிய மென்பொருளை நாடும் துறைகள், தரவு முழுதும் வெளியே வருமா என்பதை ஐம்பது பெயர்களை இட்டுச் சோதித்த பின்னரே முடிவெடுத்தல் நலம்.

ஊர்ப்பெயரையும் சோதனையில் சேர்க்கலாம். 1989க்கு முன் வட ஆர்க்காட்டு மாவட்டத்திலும் பின்னர்த் திருவண்ணாமலை மாவட்டத்திலும் அமைந்தது நம் ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி உண்டு. வாழ்வோர் விவரங்களை மறைத்துக் கோப்பை வெளியிடும் வசதியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கடன், மறுமணம், பிரிவினை பற்றி ஒரு மூதாட்டி திண்ணையில் சொன்னவை அடுத்த தெருவினர் தேடிப் படிப்பதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல.