பாட்டு தமிழ்; பெயர்ப்பலகை ஆங்கிலம்

2021-ஆம் ஆண்டு பங்குனி, சித்திரைத் திங்கள்களில் தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய தேநீர்க்கடைகளிலும், முடிச்சூருக்கும் சேலையூருக்கும் ஓடிய தானிகளிலும் ஒரு பாட்டு ஓயாமல் ஒலித்தது. திரைப்படத்திற்கென எழுதப்படாத தனிப்பாட்டு அது. அறிவு என்னும் இளைஞர் எழுதி, தீ என்னும் பாடகியோடு சேர்ந்து பாடியது. சந்தோசு நாராயணன் இசையில் அமைந்தது. ஏ.ஆர். இரகுமான் துணைநின்ற 'மாச்சா' நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு 7-ஆம் நாள் அதை வெளியிட்டது. வலையொளியில் 40 கோடி முறைக்கு மேல் அது பார்க்கப்பட்டுள்ளது. அதன் பெயர் 'என்சாய் எஞ்சாமி'.

பெயரின் முற்பாதியைக் கேட்ட அளவிலேயே தனித்தமிழ் அன்பர் பலர் முகஞ்சுளித்தனர். "ஆங்கிலக் குப்பை" என்று தள்ளியவரும் உண்டு. முகஞ்சுளித்தது முறையே, தள்ளியதுதான் பிழை.

பாட்டின் உள்ளே நுழைந்தவர் வேறொன்றைக் கண்டிருப்பர். மண்ணைத் திருத்தியவனுக்கு மண் இல்லாமற் போன கதை அதில் இருக்கிறது. காடும் நாடும் நாயும் பறவையும் உடன்பிறப்புகளாக வருகின்றன. இறந்தாரை நினைந்து பெண்டிர் மாரடித்துப் பாடும் ஒப்பாரியின் உயிர்ப்பு அதில் கேட்கிறது. பாட்டு எழுதியவரின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர்த் தமிழகம் திரும்பியவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவிற்கு அனுப்புவதென்று, அம்மக்களுள் ஒருவரையும் கேளாமல் முடிவு செய்தது. கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அவர்களைத் தொடர்வண்டிகள் நாடெங்கும் கொண்டு சேர்த்தன. 2025 ஏப்பிரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, இராமேசுவரத்திலிருந்து தாம்பரத்திற்கே புதுவண்டி ஒன்று விடப்பட்டது. அவ்வண்டியில் வருவோருக்கு அந்தப் பழைய வரவு நினைவிற்கு வருமோ, வாராதோ! பாட்டு அதை நினைவிற்குக் கொண்டுவந்தது.

'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம். சாமி என்பது வடசொல்வழி வந்தது என்று அகரமுதலிகள் கூறும். கூறட்டும். வயல்வரப்பில் நின்ற கூலியாள் நிலக்கிழாரை அச்சத்தோடு அழைத்த சொல்லும் அதுவே. பாட்டி தன் பேரனை மடியிலிட்டுக் கொஞ்சும் சொல்லும் அதுவே. ஆண்டானுக்குரிய சொல்லைப் பறித்துத் தன் பேரனுக்குச் சூட்டிய கிழவியிடம் போய், "அம்மா, அது வடசொல்" என்று எந்தப் புலவர் சொல்வார்? சொன்னால்தான் அவள் விடுவாளா?

ஆனால் 'என்சாய்' என்பது அத்தகையதன்று. காதால் மட்டும் கேட்கும் மூதாட்டி அதை 'என் ஆயி' என்றே கொள்ளக்கூடும். தலைப்பிலோ அது ஆங்கில எழுத்தில், ஆங்கிலச் சொல்லாகவே நிற்கிறது. உலகம் வாங்கவேண்டுமாயின் வாயிலில் ஆங்கிலம் நிற்கவேண்டும் என்னும் வணிகர் எண்ணம் இது. நடந்தது என்ன? தமிழ் அறியாத நாட்டினரும் உள்ளேயிருந்த தமிழ் அடிகளைத்தான் முணுமுணுத்தனர். வாயிற்காவலனைப் பார்க்கவா அவர்கள் வந்தார்கள்?

பெயரிடுதல் சிறு செய்தியன்று. இன்று தாம்பரத்தில் விளங்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, 1937-இல் இங்கு வருமுன் சென்னை நகரினுள் இருந்தது. அங்குத் தமிழ் கற்பித்த சூரியநாராயண சாத்திரியார் 'தனிப்பாசுரத் தொகை' என்னும் தம் நூலில்தான் பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரைப் பொறித்தார். தனிப்பாட்டும் தமிழ்ப்பெயரும் அன்றே கைகோத்து வந்தன. அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை பணியாற்றிய வேதாசலனார், அடுத்துள்ள பல்லாவரத்தில் குடியமர்ந்து, 1916-இல் மறைமலையடிகளாகத் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வூரின் வழியே ஓடும் மின்வண்டியில் இன்றைய இளைஞர் 'பர்சுட்டு சிங்கிள்' எப்போது வெளிவரும் என்று பேசிச் செல்கின்றனர்.

இளைஞரை மட்டும் குறைகூறி அமைதல் எளிது. இதே அறிவு முன்னர்ப் பாடிவந்த இசைக்குழு, 2018 சனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழு பறையையும் கித்தாரையும் ஒரே மேடையில் ஏற்றியது. வடசென்னைக் கானாப் பாடகரை முன்னிறுத்தியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'காசுட்லெசு கலெக்டிவ்'. அப்பெயர்க்கு வித்து, அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று இதழ் தொடங்கியவர் அவர். தமிழ்நாட்டில் தமிழரிடையே தோன்றிய எண்ணம் ஆங்கிலத்திற்குப் போய் ஆங்கிலச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. 'சாதியிலார் குழு' என்றிருந்தால் பாட்டின் சுவை குன்றியிருக்குமா?

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கானாப் பாடகரின் மொழியைக் கொச்சை என்று ஒதுக்கிய புலவர் கூட்டத்திடம் அவ்விளைஞர் பெயர் கேட்டு வருவர் என்று எதிர்பார்ப்பது எப்படி? உருதும் தெலுங்கும் கலந்த அம்மொழி தூயதன்று, உண்மை. ஆனால் அக்கலப்பு, பிழைப்புத் தேடித் துறைமுகத்திலும் சந்தையிலும் பலமொழியாளரோடு உழைத்தவன் மீது படிந்தது. மேடையேறி ஆங்கிலம் கலக்கும் படித்தவனின் கலப்போ விரும்பி அணிந்தது. இரண்டையும் ஒரே தடியால் அடிப்பது தூய்மைப் பற்றாகாது.

பெயரின் கதை தலைப்போடு முடியவில்லை. 2021 ஆகசுட்டில் ஓர் ஆங்கில இசையிதழ் இப்பாட்டைப் புகழ்ந்து வெளியிட்ட அட்டையில் எழுதியவரின் படம் இல்லை. கண்டனம் எழுந்தபின்னரே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 சூலை 28-இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில், அவர் வெளிநாட்டில் இருக்க, பாட்டு மட்டும் மேடையேறியது. படைப்பில் யார் பங்கு எவ்வளவு என்னும் வழக்காடல் அதன்பின் வெளிப்படையாகவே நடந்தது. 2024 மார்ச்சில், மூவருக்குமே இப்பாட்டினால் ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளர் அறிவித்தார். உழைத்தவனுக்கு விளைச்சல் இல்லை என்று பாடிய பாட்டிற்கே அந்நிலை!

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தமிழ் மன்றங்கள் உள்ளன. கல்லூரி விழாக்களில் கித்தாருடன் வரும் பிள்ளைகளை அவை அழைத்துப் பாடச் செய்யலாம். 'சிங்கிள்' என்பதற்குத் தனிப்பாட்டு, 'ரிலீசு' என்பதற்கு வெளியீடு, முதன்முறை மேடையில் பாடுவதற்கு அரங்கேற்றம் என்று சொற்கள் பழமையாகவே இருக்கின்றன; புதிதாக ஆக்கவேண்டியதில்லை. பாட்டைக் கேட்டபின் பெயர் சொல்லுங்கள். கேளாமலே திருத்தம் எழுதி அனுப்பினால் எந்தப் பிள்ளையும் வாரான்.