தண்ணி காட்டும் கேஸ்கட்!

இந்த வாரம் கையில கொஞ்சம் கிரீஸ் ஒட்டும், பரவாயில்லையா?

மேட்டுப்பாளையத்துல லோடு ஏத்திக்கிட்டு கோத்தகிரி மலை ஏறுற பிக்‌அப் வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. சில வண்டி பாதி மலையில பானெட்டைத் திறந்துக்கிட்டு நிக்கும். ‘என்னண்ணே ஆச்சு?’னு கேட்டா, ‘ஹெட் கேஸ்கட் போச்சு தம்பி’ம்பார் டிரைவர். அதோட அந்த மாசத்து டியூவும் போச்சுன்னு அர்த்தம். கேஸ்கட் விலை பெருசில்லை. ஹெட்டைக் கழட்டி மாட்டுற கூலியும், வண்டி ஓடாத நாட்களும்தான் கடி.

இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உட்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய தகடுதான் இந்த கேஸ்கட். நமக்கு செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வி. ஆனா அது பார்க்கிற வேலை பத்து ஆள் வேலை பாஸ்! சிலிண்டருக்குள்ள எரியிற வாயு, பக்கத்துலயே ஓடுற கூலன்ட், அதுக்குப் பக்கத்துல ஆயில்... மூணையும் ஒண்ணோட ஒண்ணு சேரவிடாம தடுக்கணும்.

தடுக்க முடியாமப்போனா? வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே கூலன்ட் குறையும். சைலன்சர்ல வெள்ளைப்புகை வரும். ஆயில் டிப் ஸ்டிக்கை உருவினா பால் காபி மாதிரி இருக்கும். ஆனா இதுல ஒண்ணை மட்டும் பார்த்துட்டு ஹெட்டைக் கழட்டிடாதீங்க. குளிர்ல டீசல் வண்டி ஸ்டார்ட் ஆனா வெள்ளைப்புகை சகஜம். ஆயில் கூலர் உடைஞ்சாலும் ஆயில்ல தண்ணி கலக்கும்.

அதனால இன்ஜின் நல்லா ஆறினப்புறம் (சூட்டுல திறந்தா முகம் வெந்துடும், சீரியஸா சொல்றேன்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. நிக்காம குமிழ் வந்துக்கிட்டே இருந்தா சந்தேகம் பலமாகுது. அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டுலயும் அழுத்தம் ஒண்ணா இறங்கியிருந்தா, அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் கேஸ்கட் எரிஞ்சிருக்கணும். ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடுற ரோட்டோர வைத்தியம் இருக்கே, அது இங்கே பலிக்காது.

இனிமேதான் முக்கியமான விஷயம். கேஸ்கட் பெரும்பாலும் தானா சாகுறதில்லை, யாரோ கொல்றாங்க! தளர்ந்துபோன ஃபேன் பெல்ட், அடைச்சுக்கிட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேஞ்ச வாட்டர் பம்ப்... ஏதோ ஒண்ணு இன்ஜினை ஹீட் பண்ணும். சூட்டுல ஹெட் வளையும். வளைஞ்ச இடத்துல கேஸ்கட் பிடி விடும். ‘புதுசு மாட்டியாச்சு, ஓட்டுங்க’ன்னு மட்டும் சொல்ற பட்டறையில, ‘ஏன் போச்சு?’ன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா அதே வண்டி அதே மலையில மறுபடி நிக்கும்.

கழட்டின ஹெட் மேல நேர்ச்சட்டம் வெச்சு, அடியில ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கணும். பல இன்ஜின்கள்ல 0.1 மி.மீ. வளைவே அதிகம், உங்க வண்டிக்கு மேனுவல் சொல்றதுதான் கணக்கு. அதுக்கு மேல போனா லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேஸிங் பண்ணணும். விரிசல் இருக்கான்னும் அங்கேயே சோதிக்கச் சொல்லுங்க. பல டீசல் கேஸ்கட்கள்ல ஓரத்துல சின்னச் சின்ன வெட்டு இருக்கும். டிசைன்னு நினைச்சுடாதீங்க, தடிமனோட அடையாளம் அது! கடையில அதைப் பார்த்துத்தான் வாங்கணும்.

போல்ட் குழிக்குள்ள ஆயிலோ தண்ணியோ தேங்கியிருந்தா இறுக்கும்போது பிளாக்கே விரியலாம், துடைச்சிடுங்க. நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, மேனுவல்ல உள்ள வரிசைப்படி, டார்க் ரெஞ்ச் வெச்சுப் படிப்படியா இறுக்கணும். ‘கை பழக்கம்’ங்கிற வசனத்தையெல்லாம் இந்த இடத்துல நம்பாதீங்க. கோணக் கணக்குல இறுக்குற போல்ட்டா இருந்தா பெரும்பாலும் புதுசு போடச் சொல்லியிருப்பாங்க.

மாட்டினதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தி, கூலன்ட் ஊத்தி, உள்ளே மாட்டின காற்றை வெளியேத்துங்க. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, நல்லா ஆறினப்புறம் கூலன்ட் அளவைப் பாருங்க. மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை.