80 + 66 = 146: ஸ்பெயினில் நடந்த ஒரு கல்யாணக் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, பிளஸ் டூ லெவல்தான்.

ஒரு ஊரில் 100 பேர். அதில் 80 பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதே 100 பேரில் 66 பேர், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தரலாம் என்கிறார்கள். அப்படியானால் கத்தோலிக்கராகவும் இருந்துகொண்டு, அந்தத் திருமணத்தையும் ஆதரிப்பவர்கள் குறைந்தபட்சம் எத்தனை பேர்?

80ஐயும் 66ஐயும் கூட்டினால் 146. ஊரில் இருப்பதே 100 பேர்தான். ஆக, குறைந்தது 46 பேராவது இரண்டு பட்டியலிலும் இருந்தே ஆகவேண்டும். 80 கத்தோலிக்கரில் 46 பேர் என்றால் பாதிக்கு மேல்!

இது கற்பனை ஊர் இல்லை. ஸ்பெயின் நாடு. அங்கே அரசின் சமூகவியல் ஆய்வு மையம் 2004 ஜூனில் எடுத்த கருத்துக் கணிப்பில் 66 சதவீதம் பேர் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்தார்கள். அந்த வருடங்களில் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்டவர்கள் சுமார் 80 சதவீதம். எங்கள் கடற்கரைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்த சவேரியார் பிறந்த மண் இன்று அந்த நாட்டில்தான் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவன் என்பதால், இந்தக் கணக்கைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2005இல் அந்தச் சட்டம் வந்தபோது நான் தொட்டில் பிள்ளை. அதனால் எல்லாமே பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சட்டம் என்ன சொன்னது?

2005 ஜூன் 30. ஸ்பெயின் நாடாளுமன்றத்தின் கீழவையில் வாக்கெடுப்பு. ஆதரவு 187, எதிர்ப்பு 147, நடுநிலை 4. எட்டு நாள் முன்னால்தான் மேலவை இந்த மசோதாவை நிராகரித்திருந்தது. அதைத் தாண்டிக் கீழவை நிறைவேற்றியது. ஜூலை 3 முதல் அமல். ஜூலை 11ஆம் தேதி மாட்ரிட் பக்கத்தில் ட்ரெஸ் கான்டோஸ் என்ற ஊரில் முதல் திருமணம் நடந்தது. நெதர்லாந்து (2001), பெல்ஜியம் (2003) இரண்டுக்கும் அடுத்து நாடு முழுக்க இதை அனுமதித்த மூன்றாவது நாடு ஸ்பெயின்.

சட்டம் ரொம்பச் சின்னது. மணமக்கள் இருவரும் ஒரே பாலினமாக இருந்தாலும் வேறு பாலினமாக இருந்தாலும் திருமணத்தின் நிபந்தனைகளும் பலன்களும் ஒன்றே என்ற பொருளில், சிவில் சட்டத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். 'கணவன், மனைவி' என்று இருந்த இடங்களில் 'வாழ்க்கைத் துணைவர்' என்ற பொருள்தரும் பொதுச்சொல் வந்தது. அவ்வளவுதான். தனிச் சட்டம் இல்லை, தனிப் பதிவேடு இல்லை, தனிப் பெயர் இல்லை.

அந்தக் கடைசி மூன்றும்தான் சண்டைக்கே காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சத்தம்

2005 ஜூன் 18. மாட்ரிட் வீதிகளில் 'குடும்பத்தைக் காப்போம்' என்று ஒரு மாபெரும் பேரணி. மாட்ரிட் கர்தினால் ரோக்கோ வரேலா உள்பட சுமார் 20 ஆயர்கள் தெருவில் இறங்கி நடந்தார்கள். எதிர்க்கட்சியான மக்கள் கட்சியின் பெரிய தலைகள் சிலரும் நடந்தார்கள். கூட்டம் எவ்வளவு? நடத்தியவர்கள் கணக்கு 15 லட்சம். அரசுத் தரப்புக் கணக்கு 1,66,000. (ஆடிட்டிங் பேப்பரில் இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் என் புரொஃபசர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன்!)

இன்னும் இருக்கிறது. வத்திக்கானிலிருந்து ஒரு கர்தினால், இந்தத் திருமணங்களை நடத்திவைக்கக் கத்தோலிக்க அதிகாரிகள் மறுக்க வேண்டும், வேலையே போனாலும் பரவாயில்லை என்றார். சில மேயர்கள் தாங்கள் நடத்திவைக்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள். மேலவைக் குழு முன்னால் நிபுணர் என்று மக்கள் கட்சி அழைத்து வந்த ஒரு மனநல மருத்துவர், தன்பாலீர்ப்பை ஒரு நோய் போலப் பேசினார். அழைத்து வந்த கட்சியே சங்கடப்பட்டு, அது எங்கள் கருத்து இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

அந்த மாதத்தில் தொலைக்காட்சியில் இதை மட்டும் பார்த்த வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்? நாடே கொதிக்கிறது என்றுதானே! ஆனால் 66 சதவீதம் பேர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று சொல்ல யாரும் பேரணி போவதில்லை. இது எல்லா ஊர் அரசியலுக்கும் பொருந்தும். எதிர்ப்புக்கு ஒலிபெருக்கி இருக்கிறது, சம்மதத்துக்கு இல்லை.

எப்படி மாறினார்கள்?

இந்தச் சட்டத்துக்கு 30 வருடம் முன்னால்வரை ஸ்பெயின் ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்தது. அரசும் திருச்சபையும் கைகோத்து நின்ற காலம். 1954இல், நாடோடிகளையும் போக்கிரிகளையும் அடக்க இருந்த பழைய சட்டத்தில் தன்பாலீர்ப்பாளர்களையும் சேர்த்தார்கள். 1970இல் அதற்குப் பதிலாக 'சமூக ஆபத்து' சட்டம் என்று ஒன்று வந்தது. இந்தச் சட்டங்களின் கீழ் பிடிபட்ட ஆண்களை உவெல்வாவிலும் படாஹோஸிலும் இருந்த சிறைகளில் தனியாக அடைத்தார்கள். ஃபிராங்கோ 1975இல் இறந்தார். 1978 அரசியலமைப்பு, நாட்டுக்கு அரசு மதம் கிடையாது என்றது. அதன் பிறகுதான் அந்தப் பட்டியலிலிருந்து இவர்களை நீக்கினார்கள். 1981இல் விவாகரத்துச் சட்டம் வந்தபோதும் ஆயர்கள் எதிர்த்தார்கள். குடும்பம் அழிந்துவிடும் என்றார்கள். அழியவில்லை.

என் ஊகம் இதுதான்: பிள்ளைக்கு ஞானஸ்நானம், முதல் நற்கருணை, ஊர்த் திருவிழா, சப்பரம், எல்லாம் வேண்டும், ஆனால் சட்டத்தை ஆயர் எழுத வேண்டாம் என்று அந்த மக்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆயர் எழுதிய சட்டம் எப்படி இருக்கும் என்று நாற்பது வருடம் பார்த்தவர்கள் அவர்கள்.

இன்னொன்று. பேரணிக்காரர்கள் 'குடும்பம்' என்றார்கள். ஆதரித்தவர்களும் குடும்பத்தை நினைத்துத்தான் ஆதரித்தார்கள்! வாக்கெடுப்பு நாளில் பிரதமர் ஸபதேரோ பேசியதன் சாரம் என்னவென்றால், நாம் எங்கோ இருக்கும் அந்நியர்களுக்காகச் சட்டம் போடவில்லை, நம் பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்கிறவர், நண்பர், சொந்தக்காரர் ஆகியோரின் மகிழ்ச்சிக்கு வழி செய்கிறோம் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்திருக்கும் மகனைப் பற்றி ஆயர் பேசுவதற்கும், யாரோ முகம் தெரியாத ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

பெயரில் என்ன இருக்கிறது?

எதிர்த்தவர்கள் எல்லோரும் வெறுப்பில் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். அது பொய். பலர் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார்கள்: "உரிமை எல்லாம் தருகிறோம். சிவில் இணைவு என்று ஒரு தனிச் சட்டம் போடுவோம். 'திருமணம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்களேன்?" மக்கள் கட்சி முன்வைத்த மாற்றும் ஏறக்குறைய இதுதான்.

முதல் தடவை படித்தபோது எனக்கும் இது நியாயமாகப் பட்டது. காமர்ஸ் மாணவனுக்குத் திருமணம் என்றால் பாதி ஒப்பந்தம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு? துணையை இழந்தவருக்கு ஓய்வூதியம் உண்டா? வெளிநாட்டுத் துணைக்குக் குடியுரிமை எப்படி? இதெல்லாம் கிடைத்துவிட்டால் மேலே என்ன பெயர் எழுதினால் என்ன?

பிறகு அந்த 1970 சட்டத்தை மறுபடி யோசித்தேன். அரசு அங்கே என்ன செய்தது? இவர்களுக்கு ஒரு பெயர் வைத்தது: 'சமூகத்துக்கு ஆபத்தானவர்கள்'. அந்தப் பெயர் அரசிதழில் அச்சானது. அந்தப் பெயரால்தான் சிறை. அதே அரசிதழில்தான் 2005 ஜூலை 2ஆம் தேதி திருமணச் சட்டமும் அச்சானது. தனியாகப் பெயர் வைத்து ஒதுக்கிய அரசு, திரும்பவும் இன்னொரு தனிப் பெயர் கொடுத்து, "இது கொஞ்சம் நல்ல பெயர், வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் என்ன அர்த்தம்? எல்லோருக்கும் இருக்கும் அதே சொல்லைக் கொடுப்பதுதான் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. சொல்லில் ஒன்றுமே இல்லை என்றால், அதைக் கொடுக்காமல் இருக்க இத்தனை லட்சம் பேர் ஏன் நடக்க வேண்டும்?

மாட்டிக்கொண்ட இடம்

இதுவரை எழுதிவிட்டு, "பார்த்தீர்களா, மக்களே ஆதரித்தார்கள், ஆகவே சட்டம் சரி" என்று முடிக்கலாம் என்றிருந்தேன். அப்போதுதான் குரோவேஷியா கண்ணில் பட்டது.

குரோவேஷியாவும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள நாடு. 2013 டிசம்பர் 1ஆம் தேதி அங்கே பொது வாக்கெடுப்பு. திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணைவது என்று அரசியலமைப்பிலேயே எழுதலாமா என்று கேட்டார்கள். எழுதலாம் என்றவர்கள் கிட்டத்தட்ட 66 சதவீதம். அதே 66! வாக்களிக்க வந்ததே 38 சதவீதம் பேர்தான் என்று நான் சப்பைக்கட்டு கட்டலாம். ஆனால் அது நேர்மை இல்லை. ஸ்பெயினில் 66 என் பக்கம் இருக்கும்போது ஆஹா, குரோவேஷியாவில் எதிர்ப்பக்கம் இருக்கும்போது ஐயோ என்றால், நான் எண்ணிக்கையை வைத்து வாதாடவே கூடாது.

அயர்லாந்து வேறு மாதிரி. தன்பாலீர்ப்பு அங்கே 1993 வரை குற்றம். 2015 மே 22இல் மக்களிடமே கேட்டார்கள். 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். போர்ச்சுகல், அர்ஜென்டினா இரண்டும் 2010, மால்டா 2017. எல்லாம் கத்தோலிக்க மரபு நாடுகள். அந்தப் பக்கம் குரோவேஷியா. ஆக, 'கத்தோலிக்க நாடு' என்ற லேபிளை வைத்து மக்கள் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லவே முடியாது.

அப்படியானால் அந்த 66ஆல் என்ன பயன்? ஒரே ஒரு பயன். 'மக்கள் சார்பில் பேசுகிறோம்' என்று ஸ்பெயினில் ஆயர்கள் சொல்ல முடியாது என்பதை அது காட்டுகிறது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. சட்டம் சரியா தவறா என்பது வேறு இடத்தில் தீர வேண்டிய கேள்வி.

என் பதில் இது. கோயிலில் ஒரு பதிவேடு இருக்கிறது, அரசிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. கோயில் பதிவேடு விசுவாசிகளுக்கு. அங்கே யார் பெயர் வரலாம் என்று திருச்சபை சொல்லட்டும். ஸ்பெயின் சட்டம் அதில் கை வைக்கவில்லை. எந்தக் குருவானவரும் பீடத்தில் இந்தத் திருமணத்தை நடத்திவைக்கக் கட்டாயப்படுத்தப்படவில்லை. அரசுப் பதிவேடு வரி கட்டும் எல்லோருக்கும். அதில் ஒருவர் பெயரைச் சேர்க்க, மற்ற 99 பேர் கைதூக்க வேண்டும் என்று கேட்பதே தப்பு.

பிறகு?

மக்கள் கட்சி 2005 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் போனது. தீர்ப்பு வர ஏழு வருடம். திருமணம் செய்த ஆயிரக்கணக்கானோர் அத்தனை வருடமும், தங்கள் கல்யாணம் நிலைக்குமா என்று தெரியாமலே குடும்பம் நடத்தினார்கள். பேரணிக்கு ஒரு நாள்தான் செலவு. இவர்களுக்கு ஏழு வருடம்! 2012 நவம்பர் 6ஆம் தேதி, 8க்கு 3 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றார்கள் நீதிபதிகள். அப்போது ஆட்சியில் இருந்ததே மக்கள் கட்சிதான். பிரதமர் ரஹோய் சட்டத்தைத் தொடவில்லை. 2015 செப்டம்பரில் அவர் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹவியேர் மரோட்டோ தன் ஆண் துணையைத் திருமணம் செய்தபோது, விருந்தினர்களில் ஒருவராக ரஹோயும் போயிருந்தார்.

வழக்குப் போட்டவரே கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தார். கிண்டல் செய்யலாம்தான். எனக்கு அது பிடித்திருந்தது. மனிதர்கள் இப்படித்தான் மாறுகிறார்கள், வாதத்தில் தோற்று இல்லை, அழைப்பிதழ் வந்து.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் தெரிவியுங்கள் என்பார்கள். தடை என்றால் என்ன? ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருப்பது, நெருங்கிய இரத்த உறவு, மிரட்டிக் கட்டிவைப்பது... இப்படி. இத்தனை வருடத்தில், 'எனக்கு இந்த ஜோடியைப் பிடிக்கவில்லை' என்பதைத் தடை என்று எந்தச் சாமியாரும் எழுதிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அரசின் ஓலைக்கும் அந்த நியாயம் போதும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.

பி.கு: அம்மா இதைப் படித்தால் அடுத்த ஞாயிறு பூசைக்கு முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். பரவாயில்லை, போவேன்.