முதலிடம் பெற்ற அணி

ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் பெப்ரவரி நடுப்பகுதியில் சர்வகலாசாலை மாணவரின் பேஸ்போல் பருவம் ஆரம்பமாகும். அதற்குச் சில வாரங்கள் முன்னரே, எந்த அணி எவ்விடத்தில் நிற்கும் என்று கூறும் தரவரிசைகள் வெளிவந்துவிடும். மாணவரும் பழைய மாணவரும் அவற்றை வாசித்து மகிழ்வர், அன்றேல் மனங்குமைவர். இவ்வரிசைகள் எதனை அளக்கின்றன, எதனை அளக்கத் தவறுகின்றன என்பதை 2025ஆம் ஆண்டுப் பருவம் நன்கு உணர்த்திற்று.

டெக்சாஸ் மாநிலத்துக் கொலேஜ் ஸ்டேஷன் என்னும் ஊரிலே 'டெக்சாஸ் ஏ அன்ட் எம்' சர்வகலாசாலை அமைந்திருக்கிறது. உழவும் பொறித்தொழிலும் கற்பிக்கவென 1876ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட நிறுவனம் அது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒமாஹா நகரில் நடைபெற்ற தேசிய இறுதித் தொடரில் அதன் அணி டெனசி சர்வகலாசாலையை எதிர்த்து ஆடியது. முதலாவது ஆட்டத்தை வென்றது, இரண்டாவதை இழந்தது, மூன்றாவதில் 5–6 என ஒரே ஓட்டத்தால் தோற்றது. ஒருமுறையேனும் தேசியக் கிண்ணத்தைக் கண்டிராத அணி, அதனைத் தொட்டுவிடும் தொலைவு வரை சென்று திரும்பியது.

ஆகவே அடுத்த பருவத்துக்கான தரவரிசைகள் பலவற்றில் அவ்வணிக்கே முதலிடம் கிடைத்ததில் வியப்பில்லை. வலிமை மிக்க துடுப்பாட்ட வீரர் ஜேஸ் லவயலெட் மீண்டும் ஆடவிருந்தார். இளையவருள் பெயர் பெற்ற கவின் கிரஹோவக் இருந்தார். லொஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் என்னும் தொழில்முறைக் கழகம் தெரிவுசெய்திருந்தும் அதனுடன் ஒப்பந்தஞ் செய்யாது கல்லூரிக்கே மீண்ட பந்தெறிவாளர் றயன் பிரேகரும் இருந்தார். கடுதாசியிலே பார்த்தால் குறை காண்பதற்கு இடமில்லை.

விளைவு யாது? 30 வெற்றி, 26 தோல்வி. தன் வலயத்து அணிகளுடன் ஆடிய 30 ஆட்டங்களில் வென்றவை 11 மட்டுமே. தேசியச் சுற்றுக்கு அழைக்கப்பட்ட 64 அணிகளுள் ஒன்றாகவேனும் அது இடம்பெறவில்லை.

இதற்குக் காயங்களே காரணம் என்பார் உளர். பருவம் தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே கிரஹோவக் தோளிற் காயமுற்று விலகினார்; வேறு சிலரும் ஆட்டங்களை இழந்தனர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எனினும் காயம் எல்லா அணிகளுக்கும் வருவதே. நாம் கருதுமிடத்து, தரவரிசைகளின் கண்ணுக்குப் புலப்படாத வேறு இரண்டு விடயங்கள் இருந்தன.

ஒன்று, ஆசிரியர் மாற்றம். இறுதியாட்டம் முடிந்த மறுநாளே, அணியை ஒமாஹா வரை அழைத்துச் சென்ற பயிற்சியாளர் ஜிம் ஷ்லொஸ்நேகல், பரம்பரைப் போட்டியாளரான டெக்சாஸ் சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். தோல்வியின் இரவிலே அதுபற்றி வினவிய நிருபரை அவர் கடிந்துகொண்டிருந்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம். அவருக்குக் கீழ்த் துடுப்பாட்டம் பயிற்றிய மைக்கேல் ஏர்லி தலைமைப் பொறுப்பை ஏற்றார். வகுப்பாசிரியர் தவணை நடுவே மாறிவிட்டால் கெட்டிக்கார மாணாக்கருங்கூடத் தடுமாறுவதை நம் ஆசிரிய வாசகர் அறிவர். தரவரிசை மாணாக்கரின் பெயர்களையே எண்ணியது.

மற்றது பந்தெறிவு. துடுப்பாட்டம் பழகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு விளக்கம் வேண்டும். கிரிக்கெட்டிலே பந்துவீச்சாளர் ஓவருக்கு ஓவர் மாறி மாறி வருவர். பேஸ்போலிலோ ஆட்டத்தைத் தொடங்குபவர் நூறு பந்துகள் வரை தொடர்ந்து எறிவார். பின்னர் ஏறக்குறைய ஒரு வாரம் அவரது கைக்கு ஓய்வு வேண்டும். சர்வகலாசாலை அணிகள் வழமையாக வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாட்களும் ஒரே எதிரணியுடன் ஆடும். வாரத்தின் நடுவே வேறோர் ஆட்டமும் வரும். எனவே ஓர் அணிக்குச் சிறந்த எறிவாளர் ஒருவர் இருப்பது வெள்ளிக்கிழமைக்கு மட்டுமே பயன்படும். ஞாயிற்றுக்கிழமை யார் எறிவார் என்ற வினாவுக்கு விடையில்லாத அணி, பெருந்துடுப்பாட்டக்காரர் எத்தனை பேர் இருந்தாலும் மே மாதத்தில் களைத்துவிடும்.

பயிற்சியாளர் ஒருவரே போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பிழையாகும். ஷ்லொஸ்நேகலின் புதிய அணி 2025இல் தன் வலயத்தில் முதலிடம் பெற்றது. தேசியச் சுற்றிலோ தன் சொந்த மைதானத்தில், சன் அன்ரோனியோவிலுள்ள டெக்சாஸ் சர்வகலாசாலையிடம் தோற்று வெளியேறியது. தேசியச் சுற்றிலே முதல் நிலை தரப்பட்ட வண்டர்பில்ற்றும் அவ்வாறே சொந்த ஊரில் வீழ்ந்தது.

அவ்வாண்டு கிண்ணம் லூசியானா அரச சர்வகலாசாலைக்குச் சென்றது. 2021 முதல் ஜே ஜோன்சன் என்பவரே அங்கு பயிற்சியாளராயிருந்தார். இறுதித் தொடரின் முதலாட்டத்தில் கேட் அண்டர்சன் 130 பந்துகள் எறிந்து, கோஸ்டல் கரோலினா அணிக்கு ஓர் ஓட்டமும் கொடாது 1–0 என வென்று கொடுத்தார். மறுநாள் ஆட்டத்தைத் தொடங்கியவர் அந்தனி அயன்சன். அண்டர்சன் அம்மாநிலத்துப் பிள்ளை. அயன்சனோ கலிபோர்னியாவிலிருந்து இடம்மாறி வந்தவர்.

இங்குதான் வருங்காலப் பருவங்களின் கணிப்பு மேலும் கடினமாகின்றது. மாணவ வீரர் தம் பெயராற் பொருளீட்ட 2021 முதல் இடமளிக்கப்பட்டது. ஓராண்டு காத்திராது கல்லூரி மாறவும் வழி பிறந்தது. 2025 ஜூனில் நீதிமன்று ஏற்ற இணக்கத்தின்படி, அதில் சேர்ந்த சர்வகலாசாலை ஒன்று தன் விளையாட்டு வீரர் அனைவருக்குமாக முதலாண்டில் 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். முன்னர் பேஸ்போல் அணி முழுவதற்கும் 11.7 புலமைப்பரிசில்களே உண்டு; அவற்றைத் துண்டு துண்டாகப் பங்கிடுவர். அவ்வெல்லை நீங்கியது. ஆனால் அணியின் தொகை 34 பேருக்குள் அடங்க வேண்டும் என்ற புதிய எல்லை வந்தது.

உதவிப்பணம் கூடியது நன்றே. ஆயினும் முன்பு 40 பேர் இருந்த அணியில், பணமேதும் பெறாது பயிற்சிக்கு வந்து, மூன்றாம் ஆண்டில் எதிர்பாராது மலர்ந்த மாணாக்கர் இருந்தனர். அந்த ஆறு இடங்கள் இன்று இல்லை. செல்வமுள்ள நிறுவனம் அவரை வளர்ப்பதிலும், வேறிடத்தில் வளர்ந்துவிட்டவரை அழைப்பதையே விரும்பும். பட்டியலிடுவோருக்கு இது வசதியாகத் தோன்றலாம். அறிந்த பெயர்களே மீண்டும் வருமல்லவா? ஆனால் புதிதாய்ச் சேர்ந்த இருபது பேர் ஒருவரோடொருவர் எங்ஙனம் ஆடுவர் என்பதைக் காட்டும் எண் எதுவுமில்லை. அடுத்த பெப்ரவரியில் ஒரு தரவரிசையைக் கையிலெடுப்பவர், முதற் பெயரை விட்டு, அந்த அணியின் ஞாயிற்றுக்கிழமை எறிவாளர் யார், அவர் அங்கு எத்தனை ஆண்டு கற்றவர் என்று தேடிப் பார்ப்பாராக.